வைன் குவளைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

இலங்கையில் வைன் அருந்துவோரின் தொகை மிகச் சிறியது. சாராயமும் பியரும் கோலோச்சும் நாடு இது. ஆயினும் கொழும்பில் நடுத்தர வர்க்கத்தினர் எவருடைய வீட்டுக்குச் சென்றாலும் வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரிக்குள் தண்டு வைத்த ஆறு குவளைகளாவது இருக்கக் காணலாம். திருமணப் பரிசாகக் கிடைத்தவை, லண்டனிலிருந்தோ டுபாயிலிருந்தோ உறவினர் பழந்துணியில் சுற்றிப் பத்திரமாகக் காவி வந்தவை, ஏதோவொரு விலைக்கழிவுக் காலத்தில் வாங்கி வைக்கப்பட்டவை என்று அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவற்றுள் பெரும்பாலானவற்றில் வைன் ஊற்றப்பட்டதேயில்லை. நத்தாருக்கு இஞ்சி வைனும் விருந்தாளிகளுக்குத் தோலகட்டி நெல்லிக் கிறஷும் பரிமாறப்படுவதோடு அவற்றின் பணி முடிந்துவிடும்.

நியாயமான விலையில் தரமான வைன் குவளைகளை எங்கே வாங்கலாம், எதைப் பார்த்து வாங்குவது என்று நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. பத்திரிகையாளன் என்ற வகையில் தூதரக வரவேற்பு வைபவங்களிலும் ஹோட்டல் விருந்துகளிலும் பல்லாண்டு காலம் கையில் குவளையுடன் நின்றவன் என்பதால் இவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள் போலும். மதுசாரத்தை விளம்பரப்படுத்துவதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. நான் எழுதப் புகுந்திருப்பது மதுவைப் பற்றியல்ல, அதை ஏந்தும் கண்ணாடியைப் பற்றியே என்பதால் அதிகாரசபையினர் என்னைப் பொறுத்தருள்வார்கள் என்று நம்புகிறேன். நண்பர்களுக்கு நான் சொல்லும் பதில் சுருக்கமானது. ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்கு மேல் இந்தக் குவளைகளுக்குக் கேட்கப்படுகின்ற விலை கண்ணாடிக்கானதல்ல, அதனோடு சேர்த்து விற்கப்படுகின்ற கதைக்கானது. அந்த மட்டம் எது என்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தக் கதையை உலகுக்குச் சொன்னவர்கள் ரீடல் குடும்பத்தினர். 1756 முதல் பொகீமியாவில் கண்ணாடித் தொழில் செய்துவந்த குடும்பம் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் தமது தொழிற்சாலைகளை இழந்து ஒஸ்ட்ரியாவுக்கு வந்து, 1956இல் குஃப்ஸ்டைன் என்ற சிறு நகரில் மீண்டும் உலையை மூட்டினார்கள். ஒன்பதாவது தலைமுறையைச் சேர்ந்த கிளவுஸ் ரீடல் 1958இல் பேர்கண்டி வைனுக்கென ஒரு பெருங்குவளையையும், 1973இல் 'சொமெலியே' என்ற பெயரில் ஒரு வரிசையையும் வெளியிட்டார். வைனின் மணத்தையும் சுவையையும் குவளையின் வடிவம் மாற்றிக் காட்டும் என்பதே அவருடைய வாதம். அதுவரை ஐரோப்பியச் செல்வந்தர் வீடுகளை அலங்கரித்தவை பட்டை தீட்டிய, வண்ணம் பூசிய, கனத்த குவளைகள். வைனை மறைத்துக் கண்ணாடியைக் காட்டிய அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கி, மெல்லிய, நிறமற்ற, அலங்காரமற்ற குவளையை முன்வைத்தவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. அதனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இன்று நாம் வாங்கும் மலிவான குவளைகூட அவருக்குக் கடன்பட்டதே.

சிக்கல் அதன் பின்னர்தான் தொடங்கியது. அவருடைய மகன் கெயோர்க் ரீடலின் காலத்தில், 1986இல், இயந்திரத்தால் செய்யப்பட்ட 'வினும்' வரிசை சந்தைக்கு வந்தது. விலை இறங்கியது நல்லதே. ஆனால் அத்தோடு, திராட்சை இனம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குவளை என்ற கொள்கையும் வீடுகளுக்குள் நுழைந்தது. கபர்னேக்கு ஒன்று, பினோ நுவாருக்கு வேறொன்று, ஷார்டனேக்கு இன்னொன்று, ரீஸ்லிங்குக்கு மற்றொன்று. மற்ற உற்பத்தியாளர்களும் பின்தொடர்ந்தார்கள். குவளையின் வடிவம் வைனை நாவின் எந்தப் பகுதியில் விழச்செய்கிறது என்பதைப் பொறுத்தே சுவை அமையும் என்று அதற்கு ஒரு விளக்கமும் தரப்பட்டது. இனிப்பை நுனிநாவும் கசப்பை அடிநாவும் உணர்கின்றன என்று நாம் பாடசாலையில் படித்த அந்த 'நாவின் வரைபடம்' இங்கே கைகொடுத்தது.

அந்த வரைபடம் பிழையானது. 1901இல் ஹேனிக் என்ற ஜேர்மானியர் வெளியிட்ட ஆய்வில் சிறு வேறுபாடுகளே சொல்லப்பட்டிருந்தன. 1942இல் அமெரிக்க உளவியலாளர் எட்வின் போரிங் அவற்றைத் தமது நூலில் எடுத்தாண்ட விதம், அந்தச் சிறு வேறுபாடுகளைப் பெரும் எல்லைக்கோடுகளாகப் பிறர் விளங்கிக்கொள்ள வழிசெய்துவிட்டது. 1974இல் வேர்ஜினியா கொலிங்ஸ் மீண்டும் பரிசோதித்தபோது வேறுபாடுகள் பொருட்படுத்தத்தக்கவையல்ல என்று தெரியவந்தது. நாவில் சுவையரும்புகள் உள்ள இடமெல்லாம் எல்லாச் சுவைகளையும் அறிகிறது. இருந்தும் அந்த வரைபடம் பாடநூல்களை விட்டுப் போகப் பல்லாண்டுகள் ஆயின. விற்பனையாளர்களின் நாவை விட்டு இன்னமும் போகவில்லை.

ஆகவே வடிவத்தில் ஒன்றுமேயில்லை என்று சொல்லிவிடலாமா? அவ்வாறு சொல்வதும் நேர்மையாகாது. 2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், சோதனையில் பங்குபற்றியோர் குவளையைப் பார்க்கவோ தொடவோ முடியாதபடி ஏற்பாடு செய்து, வெவ்வேறு வடிவக் குவளைகளிலிருந்து ஒரே வைனை முகர்ந்து பார்க்கச் செய்தார்கள். வேறுபாடு இருந்தது. ஆனால் அது மிக நுண்ணியதாகவே இருந்தது. டோக்கியோவில் பேராசிரியர் கோஜி மிட்சுபயாஷி குழுவினர் 2015இல் செய்த சோதனை இன்னும் சுவையானது. வைனிலிருந்து எழும் மதுசார ஆவியைப் படம்பிடிக்கும் கருவியொன்றை அவர்கள் உருவாக்கினார்கள். 13 பாகை செல்சியசில், வாய் குவிந்த வைன் குவளையில் அந்த ஆவி விளிம்போரமாக வளையமிட்டு நிற்க, நடுவில் அது செறிவு குறைந்து காணப்பட்டது. மூக்கை நடுவே நுழைப்பவர் மதுசாரத்தின் காரம் குறைவாக, ஏனைய மணங்களை நுகரலாம். நேரான குவளையிலும் வாய் அகன்ற கொக்டெயில் குவளையிலும் அந்த வளையம் தோன்றவில்லை. எனவே கிண்ணம் அகன்று வாய் குவிந்திருக்க வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. கபர்னேக்கு ஒரு வளைவும் மெர்லோவுக்கு இன்னொரு வளைவும் வேண்டும் என்பதற்கு அத்தகைய நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பானத்துக்கும் பாத்திரத்துக்கும் உள்ள உறவை நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் கள்ளைப் பனையோலையால் கோலிய பிளாவில் அருந்தியவர்கள், அந்தச் சுவை கண்ணாடிக் கிளாசில் வராது என்று சத்தியம் செய்வார்கள். ஓலையின் மணமும் கள்ளோடு சேருவதால் அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கலாம். நமது மூக்குப் பேணியோ வேறொரு நோக்கத்துக்காகச் செய்யப்பட்டது. உதடு படாமல் அண்ணாந்து குடிப்பதற்கான பாத்திரம் அது. அதன் பின்னால் சுத்தம் பற்றிய எண்ணம் மட்டுமல்ல, சாதி பற்றிய எண்ணமும் இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. வைன் குவளை இதற்கு நேர்மாறானது. அதன் தரமெல்லாம் உதடு படுகின்ற இடத்தில்தான், அதாவது விளிம்பில்தான் இருக்கிறது.

இந்த இடத்தில், பலரும் அறியாத ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். நல்ல வைன் குவளை எப்படி இருக்க வேண்டும் என்று சர்வதேச நியமங்களுக்கான அமைப்பான ஐ.எஸ்.ஓ. 1977இலேயே எழுதிவைத்துவிட்டது. 3591 என்பது அந்த நியமத்தின் இலக்கம். பிரான்சில் ஏற்கனவே பாவனையில் இருந்த சுவைபார்க்கும் குவளையை அடியொற்றியது அது. மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 215 மில்லிலீற்றர். கிண்ணத்தின் அகன்ற பகுதி 65 மில்லிமீற்றர், வாய் 46 மில்லிமீற்றர், விளிம்பின் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. நிறமோ வேலைப்பாடோ கூடாது. உலகெங்கும் வைன் போட்டிகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் பல இலட்சம் ரூபா பெறுமதியான வைன்கள்கூட இந்தச் சாதாரணக் குவளையில் ஊற்றித்தான் பல்லாண்டு காலம் மதிப்பிடப்பட்டன. இந்த அளவுகளைக் கொண்டு எந்தத் தொழிற்சாலையும் குவளை செய்யலாம், எவருக்கும் உரிமைப்பணம் செலுத்த வேண்டியதில்லை. மலிவாகக் கிடைப்பதற்கு அதுவே காரணம்.

அந்தக் குவளை வீட்டுப் பாவனைக்குச் சற்றுச் சிறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 50 மில்லிலீற்றர் ஊற்றி முகர்ந்து பார்ப்பதற்காக அமைந்தது அது, உணவோடு அருந்துவதற்கல்ல. அதே வடிவத்தில் 350 முதல் 400 மில்லிலீற்றர் வரை கொள்ளும் குவளையொன்று, சிவப்பு வைனுக்கும் வெள்ளை வைனுக்கும் போதும். நுரைக்கும் வைனுக்கும் அதுவே போதும் என்பேன். ஒடுங்கிய நீண்ட குவளையில் குமிழிகள் அழகாக எழுகின்றன, ஆனால் மணம் வெளிவருவதில்லை. பிரித்தானியாவின் புகழ்பெற்ற வைன் எழுத்தாளரான ஜான்சிஸ் ரொபின்சன் 2018இல் வடிவமைப்பாளர் ரிச்சர்ட் பிரெண்டனுடன் சேர்ந்து எல்லா வைன்களுக்குமாக ஒரே குவளையை வெளியிட்டபோது, நான் நீண்ட காலமாகச் சொல்லிவந்ததை ஒரு நிபுணரும் ஏற்றுக்கொண்டார் என்று மகிழ்ந்தேன். அவருடைய குவளையின் விலையைப் பார்த்ததும் அந்த மகிழ்ச்சி சற்று அடங்கியது என்பது வேறு விடயம்.

இனிக் கடைக்குச் செல்வோம். முதலில் விளிம்பை விரலால் வருடிப் பாருங்கள். ஊதி எடுத்த கிண்ணத்தின் மேற்பகுதியை வெட்டி நீக்கியாக வேண்டும். வெட்டிய இடத்தைச் சுவாலையில் காட்டி உருக்கி விட்டால் கண்ணாடி திரண்டு, உதட்டில் மணிபோல் தடிப்பாக இடறும். நுட்பமாக வெட்டித் தேய்த்து மெருகிட்டால் விளிம்பு கிண்ணத்தின் சுவரைப் போலவே மெல்லியதாக இருக்கும். முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள விலை வேறுபாடு நீங்கள் கொடுக்கத் தகுந்தது. நான் மேலே குறிப்பிட்ட மட்டம் இதுதான். இதற்கு மேலே செல்லும்போது கையால் ஊதப்பட்டது என்பதற்கும், காற்றைப் போல் கனமற்றது என்பதற்கும், பெட்டியில் பொறித்த பெயருக்கும் காசு கொடுக்கிறீர்கள். அவை இன்பம் தருவன என்பதை மறுக்கவில்லை. ஒரு குவளைக்கு நூறு டொலருக்கு மேல் கொடுக்கக்கூடியவர்கள் தாராளமாகக் கொடுக்கட்டும். ஆனால் அந்த இன்பம் வைனிலிருந்து வருவதன்று.

அடுத்துத் தண்டைப் பாருங்கள். அச்சு இணைந்த இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு தடித்துத் தெரிந்தால் முடிப்பு வேலையில் அக்கறை காட்டப்படவில்லை என்று பொருள். தட்டையான மேசைமீது வைத்துச் சுண்டிப் பாருங்கள், ஆடக்கூடாது. வெள்ளைத் தாளொன்றின் முன் பிடித்துப் பாருங்கள், பச்சையோ சாம்பலோ படியக்கூடாது. குமிழிகளையும் பாருங்கள். ஆறையும் வரிசையாக வைத்தால் உயரம் ஒத்திருக்கிறதா என்பது தெரியும். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. விளிம்பைத் தட்டி மணியோசை கேட்டுத் தரத்தை நிச்சயிக்கும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அந்த நீண்ட ஓசை பெரும்பாலும் ஈயம் கலந்த பளிங்குக் கண்ணாடிக்கு உரியது. ஈயமோ நாம் தேடிச் செல்ல வேண்டிய பொருளல்ல.

ஈயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும். நமது கண்ணாடி அலுமாரிகளில் பெருமையோடு வைக்கப்பட்டுள்ள 'கிறிஸ்டல்' பொருட்களுள் கணிசமானவை அந்த வகையைச் சேர்ந்தவை. ஆங்கிலேயரான ஜோர்ஜ் ரேவன்ஸ்குரொஃப்ட் 1674இல் காப்புரிமை பெற்ற கண்ணாடி, ஈய ஒக்சைட்டு சேர்ந்து ஒளிவீசும் பளிங்காகப் பின்னர் புகழ்பெற்றது. ஐரோப்பாவில் 1969 முதல் உள்ள விதிகளின்படி, ஈயப் பளிங்கு என்ற பெயரைச் சூட 24 வீத ஈய ஒக்சைட்டாவது இருக்க வேண்டும். 1991இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று, இத்தகைய கண்ணாடியிலிருந்து ஈயம் வைனுக்குள் இறங்குவதையும், மாதக்கணக்கில் அதில் ஊற்றி வைத்தால் அதன் அளவு பன்மடங்கு பெருகுவதையும் எடுத்துக்காட்டியது. ஓர் இரவு விருந்தில் அரைமணி நேரம் ஊற்றி அருந்துவதால் பெரும் கேடு நேர்ந்துவிடாது. ஆனால் வீடுகளில் நான் காண்பது வேறு. பட்டை தீட்டிய பளிங்குக் குடுவையில் சாராயத்தையோ பிராந்தியையோ ஊற்றி, மூடியிட்டு, அடுத்த நத்தார் வரை வைத்திருக்கிறார்கள். உடனடியாக அதைக் காலிசெய்யுங்கள். அருந்தியல்ல, தொட்டியில் ஊற்றி. கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஈயம் எத்தகைய தீங்கு என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அந்தக் குவளைகளில் பிள்ளைகளுக்குப் பழச்சாறு கொடுப்பதையும் நிறுத்திவிடுங்கள். பழச்சாற்றின் புளிப்பும் ஈயத்தைக் கரைக்கும். இன்று நல்ல உற்பத்தியாளர்கள் பலர் ஈயத்தைக் கைவிட்டுவிட்டார்கள். ஜேர்மனியின் ஸ்வீசல் நிறுவனம் ஈயத்துக்குப் பதிலாக டைட்டேனியம், சேர்கோனியம் ஒக்சைட்டுகளைச் சேர்க்கிறது. ஒளியும் குன்றவில்லை, குவளை எளிதில் உடைவதுமில்லை. பெட்டியில் 'ஈயமற்றது' என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதப்படாத பழைய பளிங்கு அலுமாரியிலேயே அழகாக இருக்கட்டும்.

கொள்ளளவு பற்றியும் ஓர் எச்சரிக்கை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1700 முதல் 2017 வரையான 411 குவளைகளை அளந்து, இங்கிலாந்தின் சராசரி வைன் குவளை 66 மில்லிலீற்றரிலிருந்து 449 மில்லிலீற்றராக வளர்ந்திருப்பதை 2017இல் வெளியிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கண்ணாடிக்கு வரி விதிக்கப்பட்டிருந்ததும் அக்காலக் குவளைகள் சிறுத்திருந்ததற்கு ஒரு காரணம். அந்த வரி 1845இல் நீக்கப்பட்டது. 600, 700 மில்லிலீற்றர் கொள்ளும் பெருங்குவளைகள் இப்போது கொழும்புக் கடைகளிலும் நாகரிகமாகிவிட்டன. ஒரு போத்தல் 750 மில்லிலீற்றர் என்பதை நினைவிற்கொண்டால் அதன் அபத்தம் விளங்கும். அதில் 150 மில்லிலீற்றர் ஊற்றினால் அடியில் ஏதோ சிந்திக்கிடப்பதுபோல் தோன்றும். விருந்தளிப்பவர் வெட்கப்பட்டு மேலும் ஊற்றுவார், விருந்தாளி மரியாதைக்காக மேலும் குடிப்பார். குடியால் குடும்பங்கள் அழிவதைச் செய்திகளாக எழுதி எழுதிக் கை சலித்தவன் நான். 400க்கு மேல் போகாதீர்கள்.

எங்கே வாங்குவது? நமது நாட்டின் நாத்தாண்டிய மணல் கண்ணாடிக்கு உகந்ததென்று பெயர்பெற்றது. ஹொரணையில் பெரியதொரு கண்ணாடித் தொழிற்சாலையும் இருக்கிறது. ஆயினும் அங்கு உருவாவது போத்தல்கள். ஆகவே இறக்குமதியை நம்பித்தான் ஆகவேண்டும். 2022இல் டொலருக்கு 200 ரூபாவாக இருந்த பெறுமதி சில வாரங்களில் 360 வரை சென்றதையும், 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்ந்ததையும் சேர்த்துப் பார்த்தால், நமது கடைகளின் விலைச்சீட்டுகள் ஏன் அச்சமூட்டுகின்றன என்பது தெரியும். இந்நிலையில் தாய்லாந்தின் ஓஷன் குவளைகளை நான் முதலில் பரிந்துரைப்பேன். தூரம் குறைவு, விலையும் குறைவு. அந்நிறுவனத்தின் மேல்தர வரிசையான லுக்காரிஸ் சற்று விலை கூடியது, ஆனால் விளிம்பு நேர்த்தியானது. இத்தாலியின் போர்மியோலி, அமெரிக்காவின் லிபி, பிரான்சின் ஆர்க் குழுமத்தின் குவளைகளும் அவ்வப்போது கண்ணிற்படும். பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒரே நிறுவனமே தடித்த விளிம்புக் குவளையையும் மெல்லிய விளிம்புக் குவளையையும் செய்கிறது.

பேரங்காடிகளின் பளபளப்பான பரிசுப்பொருட் பிரிவைத் தவிர்த்துவிட்டு, ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் பொருள் வழங்கும் கடைகளுக்குச் செல்வதே உத்தமம். அங்கே அலங்காரப் பெட்டி இராது, பழுப்புநிற அட்டைப்பெட்டியில் அடுக்கியிருப்பார்கள். ஹோட்டல்காரர் நாளாந்தம் உடைப்பவர், மீண்டும் வாங்குபவர். ஆகவே அவருக்கு விற்கப்படும் குவளை உறுதியாகவும் தொடர்ந்து கிடைப்பதாகவும் இருக்கும். கொழும்பிலுள்ள பரிசுப்பொருட் கடையொன்றில் இளைஞர் ஒருவர், சிவப்பு வைன் ஊற்றிய வெள்ளை வைன் குவளை 'விஷம் மாதிரி' என்று எனக்கு விளக்கினார். அவர் வைன் அருந்துவாரா என்று கேட்டேன். தாம் மதுவைத் தொடுவதில்லை என்றார். அவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை ஒப்புவித்தார், பாவம்.

பேணுவதும் விலையின் ஒரு பகுதியே. ஒரு கையால் அடித்தட்டையும் மறு கையால் கிண்ணத்தையும் பிடித்து முறுக்கித் துடைக்கும்போதுதான் தண்டுகள் முறிகின்றன. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே கிண்ணத்தைத் துடையுங்கள். அலுமாரிக்குள் கவிழ்த்து வைத்தால் பலகையின் மணம் உள்ளே தங்கிவிடும், நிமிர்த்தி வையுங்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்குச் சுண்ணாம்பு கலந்த கிணற்று நீர் தீராத தலையிடி. எத்தனை தரம் கழுவினாலும் வெண்புள்ளிகள் படியும். கடைசியாக அலசும் நீரில் சிறிது வினாகிரி விட்டு, பின்னர் வடிகட்டிய மழைநீரிலோ கொதித்தாறிய நீரிலோ ஒருமுறை முக்கி எடுத்துப் பருத்தித் துணியால் ஒற்றினால் போதும். வாங்கும்போது ஆறு தேவையென்றால் எட்டாக வாங்குங்கள். இரண்டை அட்டைப்பெட்டியிலேயே விட்டு, பெட்டியில் உள்ள வரிசைப் பெயரையும் இலக்கத்தையும் வெட்டி எடுத்து அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்த தடவை அதே குவளையைக் கேட்டு வாங்க உதவும்.